பொம்மைக்கு விரல் தைத்த கதை

மாதிரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

பேட்டர்ன் புத்தகத்தை வைத்துக்கொண்டு டிசைன் செய்வது எப்படி என்று உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் போன் செய்தார். ஓய்வு பெற்று முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் கூப்பிட்டு யோசனை கேட்கிறார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஸ்வெட்டர் என்றால் என்னவென்றே தெரியாத வியர்வை ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனி கொட்டும் ஊர்களின் குழந்தைகளுக்கு முப்பத்தோரு வருஷம் ஸ்வெட்டர் டிசைன் செய்தவள் நான். கரமனையில் என் வீட்டு அலமாரியில் ஸ்வெட்டர் ஒன்றுகூடக் கிடையாது. என் டிசைனைப் போட்டுக்கொண்டு வளர்ந்த குழந்தைகள் எத்தனை பேரோ, எனக்கே தெரியாது.

போன மாதம் நான் அங்கே வந்தபோது உங்களில் ஒருத்தி அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் துணிப் பொம்மையைக் காட்டி, “இதெந்தா மேடம், பேய்ப் படத்துல வர்ற கை மாதிரி?” என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பொம்மைக்கு முகம் கிடையாது, ஒரு கால் குட்டை. ஆனால் இரண்டு கைகளிலும் ஐந்தைந்து விரல்கள் வெண்டைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். அந்த விரல்களைத் தைத்தது நான்தான். ஏன் தைத்தேன் என்று சொல்லிவிட்டால், பேட்டர்ன் புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னல். மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு படம், கீழே எத்தனை கண்ணி போட வேண்டும், எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவுதான். அதில் ஸ்வெட்டர் இருக்காது, தொப்பி இருக்காது. எந்தப் பின்னலை எங்கே வைப்பது, எதோடு எதைச் சேர்ப்பது என்பதெல்லாம் நம்முடைய தலைவலி. புத்தகத்தில் அந்தப் பின்னல்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் போட்டிருப்பார்கள். நம் ஹாலில் பின்னுகிற பெண்கள் அதையெல்லாம் ஒருநாளும் சட்டை செய்ததில்லை. முறுக்கு, பாய், கடுகு, ஏணி என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். நம் ஆர்டர் சீட்டிலும் அந்தப் பெயர்தான் ஏறும். நீங்கள் வந்த முதல் வாரம் ‘பாய் ஆறு, முறுக்கு இரண்டு’ என்று படித்துவிட்டு முழித்தீர்களாமே.

எனக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது சட்டையாகத் தெரியும். கழுத்து எங்கே வரும், எந்த இடத்தில் பின்னல் முடிந்தால் அழகாக இருக்கும் என்று கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். மற்ற கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்து வைப்பார்கள். நான் ஒரு பக்கத்திலிருந்து கரையை எடுப்பேன், இன்னொரு பக்கத்திலிருந்து நடுவை எடுப்பேன். பையர்களுக்கு, அதாவது வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு, அது பிடித்தது. பிடிக்கப் பிடிக்க எனக்கும் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

அந்த மிடுக்கு உச்சத்தில் இருந்த வருஷம்தான் நட்சத்திர ஸ்வெட்டர். வெண்ணெய் நிறத்தில் கம்பளி நூல், அதில் நீல நட்சத்திரங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. புத்தகத்தில் அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால், பின்னால், கை இரண்டிலும் நட்சத்திரம் வாரி இறைத்தேன். சாம்பிள் பின்னி, நம் பொம்மைக்குப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினோம். பையர் மறு வாரமே சம்மதம் சொல்லிவிட்டார். அதுவரை நமக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஆர்டர் இல்லாமல் இரண்டு மாதம் ஹாலைப் பூட்டி வைத்திருந்தோம். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. முப்பத்துநாலு பெண்களும் அந்த ஸ்வெட்டரைப் பூப் பறிக்கிற மாதிரி சந்தோஷமாகப் பின்னினார்கள்.

இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நிறம் முன்னால் வேலை செய்யும், மற்ற நூல் அதுவரை பின்பக்கமாகச் சும்மா ஓடும். ஓடுநூல் என்போமே, அதுதான். என் நட்சத்திரத்தில் ஏழு கண்ணி தூரம் வரைக்கும் அது ஓடியது. புத்தகத்துப் படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்பக்கத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் பெண்களில் ஒருத்தியை எல்லோரும் அம்முவின் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். இப்போது ஃபைனல் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து உங்கள் துண்டுகளையெல்லாம் திருப்பி அனுப்புகிறாளே, அவள்தான். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. அவள் கணவர் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரராக இருந்தார். அந்த வருஷம் அவரை மூணாறுக்கு மாற்றியிருந்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தையான அம்முவைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் அங்கே போய்வரக் கிளம்பினாள். குளிருக்கு என்ன செய்வாய் என்று கேட்டு, மிகுதியாக இருந்த நட்சத்திர சாம்பிள் ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். என் டிசைனை நம் ஊர்க் குழந்தை ஒன்று போட்டுப் பார்க்கட்டும் என்ற பெருமையும் அதில் உண்டு.

திரும்பி வந்ததும் வராததுமாக, ஹாலில் எல்லோரும் இருக்கும்போது என்னிடம் வந்தாள்.

“அக்கா, சொன்னா கோவிக்கப்பிடாது. உடுப்பு நல்ல உடுப்புதான். ஆனா பிள்ளைக்க கைய உள்ள விடும்போ விரலு நூலுல கொளுவி மாட்டிக்கிடுது. எடுக்கப் போனா ஒரே கரச்சல். ரெண்டு நாளு போட்டேன், பொறவு போடேல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் என் வாயில் ஆபீஸ் பேச்சு நிற்காது, கரமனை வீட்டுப் பேச்சு வந்துவிடும். “ஒனக்குக் கொழந்தைக்கு ஸ்வெட்டர் போடத் தெரியலைன்னு சொல்லு. சாம்பிளைக் குத்தம் சொல்லாதே. வெளிநாட்டுக்காராளே பார்த்து சரின்னுட்டா, நீ வந்துட்டே!” என்றேன்.

அவள் “செரி அக்கா” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பின்ன ஆரம்பித்தாள்.

பிள்ளைகளே, அவள் சண்டை போட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த ‘செரி அக்கா’ என்னை விடவில்லை. சாயங்காலம் கம்பெனியில் வைத்திருந்த சாம்பிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் அதன் கைக்குள் என் விரல்களை விட்டுப் பார்த்தேன். நேராக நீட்டி விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. குழந்தை எங்கே விரலை நீட்டும்? மடக்கும், விரிக்கும், நாம் இழுத்தால் அதுவும் இழுக்கும். நானும் மடக்கி விரித்தேன். ஓடுநூல் ஒன்று சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. வெளியே இழுக்க இழுக்க இறுகியது. கண்டக்டர் வந்து நின்றபோது நான் ஒரு கையில் குழந்தை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்வெட்டரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், டிக்கெட்டை மற்ற கையில் வைத்துவிட்டுப் போனார். தம்பானூர் வருவதற்குள் விரலை விடுவித்துவிட்டேன். விரல் நுனி சிவந்திருந்தது. எனக்கு வாய் இருக்கிறது, மற்றொரு கை இருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு அழுவதைத் தவிர என்ன தெரியும்? அதுவும் தாய்க்குத் தெரியாமல் விரல் அப்படியே உள்ளே மாட்டி இருந்தால்?

இவ்வளவு நாளாக இது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை? ஹாலில் இருந்த அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் எங்களில் ஒருத்திகூட ஒரு குழந்தைக்கு முழுக்கை ஸ்வெட்டர் போட்டுவிட்டதில்லை. இந்த ஊரில் குழந்தைக்கு மெல்லிய துணியில் கையில்லாத சட்டையைக் கட்டிவிடுவோம். வெயில் ஏறினால் அதுவும் கிடையாது. நாங்கள் கையோடு ஸ்வெட்டர் போட்டுப் பார்த்த ஒரே உருவம் அந்தப் பொம்மை. அப்போது அதன் கை இரண்டும் உருண்டையாக முடிந்திருந்தன. விரலே கிடையாது.

மறுநாள் காலை ஹாலுக்குள் போனதும் முதல் வேலையாக, முந்தின நாள் திட்டிய அதே இடத்தில் நின்றேன். “நேத்து நான் சொன்னது தப்பு. அம்முவோட அம்மா சொன்னதுதான் சரி. நட்சத்திரக் கையை யாரும் இனிமே பின்னாதீங்கோ” என்றேன். சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது.

அடுத்து முதலாளி அறை. அவர் கெட்ட மனிதர் இல்லை. பூட்டிய ஹாலை மறுபடி திறந்தவர்.

“சேச்சி, பையர் சாம்பிள் கண்டு ஓகே சொல்லியாச்சல்லோ. பின்னே எந்தினா நாமளே போயி தப்பு தப்புன்னு சொல்றது? ஷிப்மென்ட்டுக்கு இனி பன்னெண்டு நாள்தான் உண்டு.”

“சார், உங்க சுண்டுவிரலை இதுக்குள்ள விடுங்கோ” என்று ஸ்வெட்டரின் கையை நீட்டினேன். விட்டார். “இப்போ மடக்கிட்டு எடுங்கோ.” எடுக்க வரவில்லை. ஒருமுறை இழுத்தார், இன்னொருமுறை இழுத்தார். நான் உதவி செய்யாமல் நின்றேன். அவர் முகம் மாறியது.

“அய்யோ, இதுக்குள்ள போறது குஞ்ஞுங்க கையல்லே?” என்றார் மெதுவாக. பிறகு, “சேச்சி எந்து செய்யும்?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேற கை கொண்டுவந்து மேஜையில வெக்கறேன். அதோட நானே பையருக்கு உண்மையை எழுதறேன். கை வரலைன்னாலும் எழுதத்தான் போறேன்.”

வெறும் தப்பை மட்டும் எழுதி அனுப்பினால் ஆர்டர் போய்விடும், தப்பை மறைத்தால் ஏதோ ஒரு குழந்தையின் விரல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருந்தது ஒரே ஒரு நாளும் ஒன்பது பேட்டர்ன் புத்தகங்களும்தான்.

உடம்புப் பகுதிக்குப் பிரச்சினை இல்லை, அங்கே விரல் தேடிக்கொண்டு போகாது. கைகளைத் தனியாகப் பின்னித்தான் கடைசியில் சேர்த்துத் தைப்போம். ஆகவே கைகளை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னினால் போதும். ஆனால் அது நட்சத்திரத்துக்குப் பொருந்த வேண்டும், அதே கண்ணிக் கணக்கில் அடங்க வேண்டும், அதே நூலில் முடிய வேண்டும், பின்பக்கம் ஓடுநூல் இருக்கக் கூடாது.

நான் புத்தகங்களைத் திறந்து, படங்களின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டேன். குறிப்பை மட்டும் படித்தேன். ஒவ்வொரு வரியையும் படித்து, இப்படிப் பின்னினால் நூல் பின்னால் எங்கே போகும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு புத்தகம் தாண்டியது. ஏழாவதில் ஒரு பக்கம். ஒரு வரிசைக்கு ஒரே நிறம், அங்கங்கே ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி விட வேண்டும், நூல் அந்த ஒரு கண்ணிக்குப் பின்னால் மட்டும் போகும். அட்டையை எடுத்தேன். மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். எட்டு வருஷமாக நான் புரட்டிக்கொண்டே போன பக்கம் அது.

அம்முவின் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இருவரும் ஆளுக்கொரு துண்டு பின்னினோம். பின்பக்கம் வழுவழுவென்று வந்தது. ஆனால் துணி சுருங்கித் தடித்துப்போயிற்று. அந்தக் கணக்கில் கை பின்னினால் குழந்தையின் முழங்கை வரைதான் வரும்.

“நடுவுல ரெண்டு வரி சும்மா பின்னிப் பாப்போமா அக்கா? இறுக்கம் கொறையும்லா?” என்றாள்.

பின்னினோம். இறுக்கம் விட்டது. வெண்ணெய் நிறத்தில் நீலப் புள்ளிகள் கடுகு தாளித்துக் கொட்டினாற்போல் விழுந்தன. நட்சத்திர உடம்போடு அதைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முன்னே இருந்ததைவிட அழகாக இருந்தது! எல்லா இடத்திலும் நட்சத்திரமாக இருந்தபோது கண்ணுக்கு ஓய்வில்லாமல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். புத்தகத்தில் அந்த இரண்டு சும்மா வரிசை இல்லை. அது நம்முடையது.

மறுநாள் பத்து மணிக்குக் கைகளை வைத்துத் தைத்த ஸ்வெட்டர் முதலாளி மேஜையில் இருந்தது. பக்கத்தில் அம்முவும் இருந்தாள், அவள் அம்மாவின் இடுப்பில். முதலாளி முன்னால் போட்டுவிட்டோம். கை உள்ளே போனது, மறுபக்கம் ஐந்து விரலும் விரிந்தபடி வெளியே வந்தன. அவள் அழவில்லை. ஸ்வெட்டரின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள். நான் பார்த்த பரிசோதனைகளிலேயே உயர்ந்தது அதுதான்.

பையருக்கு என் கைப்படவே எழுதினேன். தவறு என்னுடையது, அதைக் கண்டுபிடித்தது எங்கள் பின்னல்காரி ஒருவர், மாற்று இது என்று படத்தோடு ஸ்கேன் செய்து ஈமெயிலில் அனுப்பினேன். படத்தில் முதலில் உள்பக்கம், பிறகுதான் முன்பக்கம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

கைகளைப் பிரித்தோம். பிரித்த நூல் சுருட்டை முடியாக நிற்கும், நனைத்துத் தொங்கவிட்டுக் காயவைத்தால்தான் நேராகும். வெளியே விடாத மழை. கேன்டீனில் அடுப்புச் சூட்டில் தொங்கவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். சாம்பார் வாசனையோடு ஸ்வெட்டர் போனால் என்ன ஆகும்? கடைசியில் முதலாளி அறையில்தான் ஃபேன் நன்றாகச் சுற்றும் என்று அங்கேயே கயிறு கட்டினோம். ஐந்து நாள் அவர் நீல நூலுக்கும் வெண்ணெய் நிற நூலுக்கும் அடியில் குனிந்து குனிந்து போய் உட்கார்ந்து போன் பேசினார். சொன்ன நாளைக்கு ஒரு நாள் முன்பே சரக்குக் கிளம்பியது. முப்பத்துநாலு பேரும் வாசலில் நின்று லாரியைப் பார்த்தோம். என் வேலையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்த நாள் அது.

அடுத்த வருஷம் அந்தப் பையர் நட்சத்திரத்தைக் கேட்கவில்லை. அந்தக் கைப் பின்னலில் முழு ஸ்வெட்டர் கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் கேட்டலாக்கில் அதற்கு ஏதோ பெரிய பெயர் இருக்கிறது. நம் ஆர்டர் சீட்டில் நீங்கள் தினம் பார்க்கிற ‘அம்மு’ அதுதான்.

லாரி போன அன்றைக்கே பழைய பனியன் துணியை வெட்டி, பொம்மைக்குப் பத்து விரல் தைத்தேன். எனக்குப் பின்னல் வரும், தையல் சுமார்தான். அதனால் அவை அப்படி இருக்கின்றன. அழகுபடுத்துகிறேன் என்று யாரும் கை வைக்காதீர்கள்.

நீங்கள் இப்போது பேட்டர்ன்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறீர்கள். நல்லதுதான், என் ஒன்பது புத்தகத்தில் இல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. அதிலும் முன்பக்கத்தைத்தான் அழகழகாகப் போடுகிறார்கள். ஆசைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசைப்பட்ட பிறகு ஒரு துண்டு பின்னி, திருப்பிப் பார்த்து, விரலை விட்டுப் பாருங்கள். என் மாதிரித் துண்டுகள் ஒட்டிய நோட்டுகளை உங்களுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு துண்டையும் மேல் ஓரத்தில் மட்டும் தைத்திருப்பது, நீங்கள் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாக நம் பெண்கள் ஒரு கம்பளிச் சால்வை பின்னியிருந்தார்கள். இந்த வெயிலில்! அம்மு பின்னல்தான். அதைப் போர்த்துவதற்கு அந்த அம்முவே வந்திருந்தாள். கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் சால்வையை விரித்து என் தோளருகே கொண்டுவந்தாள். நான், “இரு” என்று சொல்லிவிட்டு அதை வாங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கத்தைத் திருப்பினேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அம்மு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை ஓட்டினேன். எங்கேயும் தட்டவில்லை. அம்முவின் அம்மா கூட்டத்தில் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“பாத்தாச்சா அக்கா?” என்றாள். “கொளுவாது. போட்டுக்கிடுங்க.”

நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.